‘வாரியர்ஸ்’ ஒதுக்கித் தள்ள வேண்டிய ஆல்பம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் 1980-களின் மின்னணு இசை குறித்து வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆங்கிலேய இசைக்கலைஞர் கேரி நியூமனுக்கு அதில் இரண்டு பத்திகள் ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆனால், ‘டெலிகான்’ ஆல்பத்துக்குப் பிறகு, 1994-இல் ‘சாக்ரிஃபைஸ்’ வெளியாகும்வரை அவர் கேட்கத்தக்க எதையும் செய்யவில்லை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருப்பதும், அதற்குச் சான்றாக 1983-இல் வந்த ‘வாரியர்ஸ்’ ஆல்பத்தைக் காட்டியிருப்பதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்த ஆல்பம் குறையற்றது என்று வாதிட நான் வரவில்லை. அதிலுள்ள ஒன்பது பாடல்களில் பாதியை நானே தாண்டிப் போய்விடுவது வழக்கம். மறுபாதியைத் தாண்ட முடியாமல் இத்தனை ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லவே இக்கடிதம்.

நியூமனின் தொடக்ககால வெற்றி வளையாத ஒலியால் வந்தது. பங்க் பாணியில் ஓர் ஆல்பம் பதிவுசெய்வதற்காக 1978-இல் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனவர், அங்கே கிடந்த மினிமூக் என்ற சின்தசைசரை, அதாவது மின்னணு முறையில் ஒலியெழுப்பும் இசைக்கருவியை, தட்டிப் பார்த்ததில்தான் பாதை மாறினார். அடுத்த ஆண்டே டியூப்வே ஆர்மி என்ற குழுப்பெயரில் ‘ரெப்ளிகாஸ்’, பிறகு சொந்தப் பெயரில் ‘தி பிளஷர் பிரின்சிபிள்’, 1980-இல் ‘டெலிகான்’ என மூன்று ஆல்பங்கள் அடுத்தடுத்து பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. இவற்றுள் இரண்டாவதில் கிட்டாரே கிடையாது. சின்தசைசர் ஒரு சுரத்தைப் பிடித்தால் இழுத்துக் கட்டிய கம்பிபோல் நேராக நிற்கும். மூக்கடைத்தாற்போன்ற நியூமனின் மெல்லிய குரலும் அதன் பக்கத்தில் அப்படியே நிற்கும். கமகம் என்ற பேச்சுக்கே இடமில்லாத அந்தக் குரலை உணர்ச்சியற்றது என்று அன்றைய விமர்சகர்களில் பலர் பழித்தார்கள். கேட்பவர்களுக்கோ அந்த விறைப்புதான் பிடித்திருந்தது.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகு அதே வழியில் இன்னும் இரண்டு ஆல்பங்களை அவர் எளிதாக இறக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 1981-இல் லண்டனின் வெம்ப்ளி அரங்கில் மேடைக் கச்சேரிகளுக்கு விடைகொடுத்துவிட்டு, அதே ஆண்டு ‘டான்ஸ்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். (பெயர்தான் டான்ஸ், அதை நம்பி ஆட முயன்றவர்கள் பாவம்.) அதில் ‘ஜப்பான்’ என்ற ஆங்கிலேய இசைக்குழுவைச் சேர்ந்த மிக் கார்ன், மறு ஆண்டு வந்த ‘ஐ, அசாசின்’ ஆல்பத்தில் பினோ பல்லடினோ, அதற்கடுத்து ‘வாரியர்ஸ்’ ஆல்பத்தில் ஜோ ஹப்பர்ட் எனத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பிரெட் எனப்படும் மெட்டுகள் இல்லாத பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாசிப்பவர்களைத் தம் இசையின் நடுவில் உட்கார வைத்தார். மெட்டுகள் பதித்த வீணைக்கும் மெட்டில்லாத கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை விளக்க வேண்டியதில்லை. நேர்கோடாக நின்ற இசைக்குள், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஒலி புகுந்துவிட்டது. குரல் மட்டும் மாறவில்லை. வளையும் வாத்தியத்துக்கும் வளையாத குரலுக்கும் இடையிலான இந்த இழுபறிதான் ‘வாரியர்ஸ்’ ஆல்பத்தின் உயிர் என்பது என் கணிப்பு.

‘தி ஐஸ்மேன் கம்ஸ்’ என்ற மூன்றாவது பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஹெட்போனில் கேட்டால் நான் சொல்வது தெளிவாக விளங்கும். தாளம் அவசரப்படாமல் நடக்கிறது. பேஸ் கிட்டார் கீழிருந்து வழுக்கி மேலேறி, போய்ச்சேர வேண்டிய சுரத்துக்கு மயிரிழை முன்பாகத் தயங்கி, பிறகு அதில் அமர்கிறது. அமர்ந்த இடத்திலும் அது சும்மா இருப்பதில்லை, மெல்ல நடுங்குகிறது. அதற்கு மேல் நியூமன், எதற்கும் அசையாதவராய், ஒவ்வொரு சொல்லையும் வைத்த இடத்தில் வைத்தபடி பாடிப் போகிறார். பாடகர் காட்ட மறுக்கும் உணர்ச்சியைக் கீழே இருக்கும் பேஸ் கிட்டார் காட்டிக்கொடுத்துவிடுகிறது. முதல் மூன்று வெற்றி ஆல்பங்களிலும் நான் கேட்டிராத அனுபவம் இது. குரலுக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவே மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி நின்று வழிவிடுவதால்தான் இது நேர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆல்பத்தின் பிற இடங்களில் யாரும் யாருக்கும் வழிவிடுவதாக இல்லை. டிக் மோரிசியின் சாக்ஸபோன் இருக்கிறது; அவர் சாதாரணக் கலைஞர் அல்லர், அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘பிளேட் ரன்னர்’ திரைப்படத்தின் காதல் இசையில் ஒலிப்பதும் அவருடைய சாக்ஸபோன்தான். பில் நெல்சனின் கிட்டார் இருக்கிறது. பெண் பின்னணிக் குரல்கள் இருக்கின்றன. தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே தரமான வாசிப்பு. ஒன்றாக எழும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் கூடம்போல் ஆகிவிடுகிறது. பேஸ் கிட்டார் ஒன்று வளைந்தால் நியூமனின் குரல் அதற்கு எதிராக நிற்கும். நான்கு ஒலிகள் சேர்ந்து வளையும்போது அந்த மெல்லிய குரல் மூழ்கிப்போகிறது. இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும் ‘சிஸ்டர் சர்ப்ரைஸ்’ எட்டு நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. அதில் நான்கு நிமிடங்களுக்கான சரக்குதான் உண்டு. தனிப்பாடலாக வெளியிட்டபோது அதைச் சுருக்கவே செய்தார்கள். ‘தி டிக் டாக் மேன்’ வந்து போகிறது, அவ்வளவே.

இந்த நெரிசலுக்குப் பதிவுக் கூடத்தில் நடந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். பீ-பாப் டீலக்ஸ் என்ற ராக் இசைக்குழுவை நடத்திய நெல்சனை நியூமன் தாமாக விரும்பி அழைத்திருந்தார். தம் ஆல்பத்தின் தயாரிப்பில் வெளியார் ஒருவருடன் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள அவர் முன்வந்தது பெரிய விஷயம். ஆனால் இருவருடைய காதும் ஒத்துப்போகவில்லை. இறுதி ஒலிக்கலவை நியூமன் கைக்கு வந்தபோது அது நெல்சனுக்குப் பிடிக்கவில்லை. சமைத்தவர் ஒருவர், உப்புப் பார்த்தவர் இன்னொருவர் என்ற நிலை பல பாடல்களில் காதுக்கே தெரிகிறது. உலகப் பேரழிவுக்குப் பிந்தைய வீரரைப்போல் கறுப்புத் தோலுடையில் நியூமன் அட்டையில் நிற்பதைப் பார்த்து உள்ளே கரடுமுரடான இசையை எதிர்பார்த்தவர்கள், ஜாஸ் வாடை வீசும் இந்த மென்மையைக் கண்டு குழம்பியதிலும் வியப்பில்லை.

ஆல்பம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 12-ஆம் இடம் வரையே சென்றது. பெகர்ஸ் பாங்க்வெட் இசைத்தட்டு நிறுவனத்துக்காக நியூமன் செய்த கடைசி ஸ்டூடியோ ஆல்பமும் இதுவே. மறு ஆண்டு நியூமா என்ற சொந்த நிறுவனத்தின் வழியே வந்த ‘பெர்செர்க்கர்’ 45-ஆம் இடத்தோடு நின்றது. கட்டுரையாளர் இந்த எண்களைத்தான் வீழ்ச்சிக்கு ஆதாரமாக அடுக்கியிருக்கிறார். விற்பனை சரிந்தது உண்மை. விற்பனைப் பட்டியலை வைத்துக் கேட்கத்தக்கது, தகாதது என்று பிரிப்பதாக இருந்தால் இசை விமர்சனம் எழுத ஆள் எதற்கு, கணக்கர் போதும். அதே வேளையில், ‘வாரியர்ஸ்’ உலகம் கண்டுகொள்ளாத காவியம் என்று கொண்டாடும் தீவிர ரசிகர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. முதல் பக்கம் முழுவதையும், அதன் பிறகு கடைசிப் பாடலையும் கேளுங்கள் என்று மட்டுமே புதிதாகக் கேட்பவர்களிடம் நான் சொல்வேன்.

இறுதியாக ஒரு திருத்தம். கட்டுரையில் ‘வாரியர்ஸ்’ ஆல்பத்தின் தயாரிப்பாளர் பில் நெல்சன் என்று அச்சாகியுள்ளது. இணைத் தயாரிப்பாளராக வந்து பணியாற்றியவர் அவர் என்பது சரியே. ஆனால் இறுதி வடிவத்தில் மனம் ஒப்பாமல், அந்தத் தகுதியில் தம் பெயர் இடம்பெற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று அவரே கழற்றி வைத்த பட்டத்தை, நாற்பது ஆண்டுகள் கழித்து நாம் அவர் தலையில் கட்டுவது முறையாகாது. அடுத்த ஞாயிறு இணைப்பில் இதற்கொரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்