40 பேருக்கும் முதல் ரேங்க்

ஆசிரியருக்கு வணக்கம்.

எக்செல் பயிற்சி வகுப்பு என்றால் ஃபார்முலாவைக் கீழே இழுக்கக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். செல் முகவரியை நகராமல் பூட்டும் டாலர் ($) குறியைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வகுப்புத் தேர்வு ரேங்க் பட்டியலே போதும்.

40 மாணவர்கள், மொத்த மதிப்பெண் எச்2 முதல் எச்41 வரை. ஐ2 செல்லில் =ரேங்க்(எச்2,எச்2:எச்41) என்று கொடுத்தால் (அடிப்பது ஆங்கில எழுத்தில்தான்) முதல் மாணவருக்குச் சரியாக வரும். அப்படியே கீழே இழுத்தால் அடுத்த செல்லில் எச்3:எச்42, அதற்கடுத்து எச்4:எச்43 என்று எல்லையும் கூடவே இறங்கும். ஒவ்வொருவரும் தமக்குக் கீழே இருப்பவர்களோடு மட்டுமே ஒப்பிடப்படுவார். கடைசி வரிசைக்காரருக்குப் போட்டியே இல்லை. 500க்கு 120 எடுத்திருந்தாலும் ரேங்க் 1. மதிப்பெண்ணை இறங்குவரிசையில் அடுக்கியிருந்தால் வகுப்பு முழுக்க முதல் ரேங்க். அதுவாவது கண்ணில் படும். அகரவரிசைப் பட்டியலில் 7, 3, 12, 1 என்று நம்பும்படியாகவே எண்கள் விழும்; பிழைச் செய்தியும் வராது.

ஃபார்முலாவில் எச்2:எச்41 பகுதியை மட்டும் தேர்வு செய்து எஃப்4 தட்டுங்கள், $எச்$2:$எச்$41 ஆகிவிடும். பல மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். முன்னால் தனியாக இருக்கும் எச்2வைத் தொடாதீர்கள். அதையும் பூட்டினால் 40 பேருக்கும் ஒரே ரேங்க். எச்2வைப் பூட்டாமலே எல்லாருக்கும் ஒரே எண் வருகிறதா? கணக்கிடும் முறை 'மேனுவல்' (தானாகக் கணக்கிடாத நிலை) ஆகியிருக்கும். எஃப்9 தட்டினால் சரியாகும்.

செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தை இருமுறை சொடுக்கினால் பட்டியல் முழுக்க நிரம்பும். ஆனால் மாணவர், மாணவியர் பெயர்களுக்கு நடுவே ஒரு வரிசையை முழுக்க வெற்றாக விட்டிருந்தால் அங்கேயே நின்றுவிடும். நீளமான பட்டியலுக்கு வேறு வழி நல்லது. இடது மேல் மூலையில் உள்ள பெயர்ப் பெட்டியில் ஐ2:ஐ41 என்று அடித்து என்டர். பிறகு ஃபார்முலாவை அடித்து கன்ட்ரோல் + என்டர். 40 செல்லும் ஒரே நேரத்தில் நிரம்பும்.

அச்செடுக்கும் முன் ஐ41க்குப் போய் எஃப்2 தட்டிப் பாருங்கள். வண்ணக் கட்டம் எச்2இல் தொடங்கி எச்41இல் முடிய வேண்டும். காலி செல்கள் பக்கம் இறங்கியிருந்தால் டாலர் விட்டுப்போயிருக்கிறது.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
திருச்சி