பிரஷரும் சாக்லேட்டும்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரஷர் 152 என்று காட்டியதிலிருந்து, டார்க் சாக்லேட் அதைக் குறைக்கும் என்று நம்பி, தினமும் ராத்திரி ஒரு முழு பார் சாப்பிடுகிறாய். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்று இருக்கிறாய். விவரம் தெரியாமல் உன்னைத் தடுக்கக் கூடாதென்று உட்கார்ந்து படித்தேன்.

நீ நம்பியதில் உண்மை இருக்கிறதம்மா. கோகோ விதையில் உள்ள பிளவனால் என்ற பொருள், ரத்தக் குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடு உருவாக உதவுகிறது. அதனால் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. பனாமாவின் தீவுகளில் வாழும் குனா மக்கள் நிறைய கோகோ குடிப்பவர்கள். வயதாகியும் அவர்களுக்குப் பிரஷர் ஏறாததை ஹார்வர்ட் பல்கலைக்கழக மருத்துவர் நார்மன் ஹாலன்பெர்க் 1990-களில் ஆராய்ந்தார். ஆனால் நகரத்துக்குக் குடிபெயர்ந்த குனாக்களுக்கு ஏறியது. ஊர் மாறும்போது கோகோ மட்டுமா மாறியிருக்கும்? சாப்பாடு, வேலை, தூக்கம் எல்லாமேதான் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

35 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், கோகோவால் பிரஷர் சராசரியாக 2 புள்ளிகூட இறங்கவில்லை. ஏற்கனவே பிரஷர் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. அதற்காக உன் 152 சாக்லேட்டால் 120 ஆகிவிடாது. அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்துச் செய்த காஸ்மாஸ் ஆய்விலும், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் மொத்த எண்ணிக்கை உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. இதயநோய் மரணங்கள் மட்டும் குறைந்தன. அவர்கள் சாப்பிட்டதும் சாக்லேட் இல்லை, தினம் 500 மில்லிகிராம் பிளவனால் அடங்கிய மாத்திரை.

இன்னொன்று எனக்கே புதிது. உறையில் 70 சதவீதம் என்று போட்டிருப்பது கோகோவின் மொத்த அளவு. கோகோ வெண்ணெயும் அதில் சேர்த்திதான். பிளவனால் எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. விதையை வறுக்கும்போதே அதில் ஒரு பகுதி போய்விடுகிறது. கசப்பும் புளிப்பும் குறைய அல்கலி என்ற காரப்பொருளைச் சேர்த்துப் பதப்படுத்தினால் பெரும்பகுதி போய்விடும்.

நீ சாப்பிடுவது 100 கிராம் பார் என்றாயே, அதில் ஏறக்குறைய 600 கலோரி இருக்கிறது. கொழுப்பு 40 கிராமுக்கு மேல். கூடவே ஒரு கப் காபி அளவுக்குக் காஃபின். தூக்கம் வரவில்லை என்று சொன்னாயே, ராத்திரி பத்து மணிக்கு இதைச் சாப்பிட்டால் எப்படி வரும்?

சாக்லேட்டை விடச் சொல்லவில்லை. உனக்குப் பிடித்தது, ஆசையாகச் சாப்பிடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு துண்டு போதும். அல்கலி சேர்க்காத, சர்க்கரை இல்லாத கோகோ பொடி கிடைத்தால் வெந்நீரில் கலந்து குடி. ஆனால் டாக்டரிடம் இரண்டு மாதம் கழித்து என்பது வேண்டாம். உன் அப்பாவும் இப்படித்தான் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டார். அந்த நாட்களை நான் மறக்கவில்லை.

இந்த வாரமே போய்விட்டு வா. மாத்திரை எழுதிக் கொடுத்தால் வாங்கிப் போடு. அன்று சாயங்காலமே போன் செய். மேல் எண், கீழ் எண் இரண்டையும் சொல்.

அன்புடன்,
அம்மா