சஸ்பென்ஷன் மாற்றாத டபுள் கெப்புக்குப் பொருந்தாத டயர் போட்டுத் தந்தது தொடர்பான முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

கடந்த மாதம் 12 ஆம் திகதி உங்கள் காலி வீதிக் கிளையில் என் டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப்புக்கு நான்கு புது டயர்கள் போட்டேன். பற்றுச்சீட்டின் பிரதியையும் படங்களையும் இணைத்திருக்கிறேன். அந்த டயர்கள் என் வண்டிக்குப் பொருந்தவில்லை. பொருந்தும் என்று உங்கள் ஆட்கள் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன்.

வண்டி 2017 ஆம் ஆண்டு மொடல். கம்பனியிலிருந்து வந்த சஸ்பென்ஷன்தான் இன்றுவரைக்கும் இருக்கிறது, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் எதுவும் போட்டதில்லை. பழைய 265/65 ஆர் 17 டயர்கள் (அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 வீதம், ரிம் 17 அங்குலம்) தேய்ந்துவிட்டதால், கொஞ்சம் உயரமானது போடலாமா என்று கேட்டேன். என் மனதில் இருந்தது 265/70. உங்கள் விற்பனையாளர்தான் 285/70 ஐ எடுத்துக் காட்டி, "இப்ப எல்லாரும் இதுதான் அண்ணே போடுறாங்க" என்றார். நான் இரண்டே கேள்விதான் கேட்டேன். வண்டியை உயர்த்தாமல் இது இருக்குமா? எங்காவது வெட்ட வேண்டி வருமா? "ஒன்றும் வெட்டத் தேவையில்லை, அப்படியே போடலாம்" என்று பதில் வந்தது. பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளரும் தலையாட்டினார்.

டயரைப் பூட்டினார்கள், காற்று அடித்தார்கள், பேலன்ஸ் பார்த்தார்கள், அலைன்மென்ட்டும் செய்தார்கள். ஸ்டியரிங்கை மட்டும் யாருமே முழுக்க ஒடித்துப் பார்க்கவில்லை. அன்று மாலை எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே, சிரட்டையால் தகரத்தைச் சுரண்டுவது போல முன்பக்கம் சத்தம் கேட்டது. அடுத்த நாளே வந்து சொன்னேன். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிதான் உரசுகிறது, நூறு கிலோமீற்றர் ஓடினால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். அதையும் நம்பினேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் அட்டனுக்குச் சாமான் ஏற்றிப் போனேன். திரும்பி வரும்போது பின்சீட்டில் அம்மா இருந்தார். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைப் பக்கம் இறங்கும் வளைவுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி திரும்பினால் பாரம் முழுக்க முன்பக்கம் வந்து ஸ்பிரிங் அமுங்கும். அப்படி ஒரு வளைவில் இடது முன்சில்லு மட்காட்டின் உள்பக்க பிளாஸ்டிக் லைனரைக் கவ்வி இழுத்தது. ஸ்டியரிங் கையில் ஒரு வெட்டு வெட்டியது. எதிரே பஸ் ஏறிக்கொண்டிருந்தது. எப்படியோ ஓரமாக்கி நிறுத்திவிட்டேன். அம்மா வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு தேத்தண்ணீர்க் கடைக்கு முன்னால் சாக்கை விரித்துப் படுத்து, டோர்ச் அடித்துப் பார்த்தேன். லைனர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து சுருண்டிருந்தது. அதற்குப் பின்னால் உள்ள இரும்பு பிராக்கெட்டில் பெயின்ட் போய், கறுப்பாகப் பளபளவென்று ஒரு பட்டை விழுந்திருந்தது. டயரின் தோள்பட்டையில், அதாவது ஓர விளிம்பில், மூன்று ரப்பர் கட்டைகள் அறுந்திருந்தன. பிரேக்கில் சில்லு இறுகாமல் பார்க்கும் ஏபிஎஸ் சென்சர் வயர் கிளிப்பிலிருந்து கழன்று, டயருக்கு இரண்டு விரல் தூரத்தில் தொங்கியது. இன்னும் நாலு வளைவு போயிருந்தால் அந்த வயரும் அறுந்திருக்கும்.

இது கையில் கணக்குப் போட்டாலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 265/65 ஆர் 17 டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீற்றர். 285/70 ஆர் 17 ஏறக்குறைய 831. அகலமும் 20 மில்லிமீற்றர் கூட. 55 மில்லிமீற்றர் பெரிய டயரால் வண்டி உயர்வது அதில் பாதிதான். மிச்சப் பாதி மட்காட்டுக்குள் போய் நிற்கிறது. சஸ்பென்ஷனை மாற்றாத வண்டியில் அதற்கு இடம் எங்கே? நான் கேட்ட 265/70 இன் விட்டம் 803 அளவில்தான் வரும், அகலமும் பழையபடியே.

வேகமானியும் பிழைத்துவிட்டது. டயரின் சுற்றளவு 7 வீதம் கூடியிருப்பதால் முள் காட்டுவதைவிட வண்டி கூட ஓடுகிறது. முன்பு தெற்கு அதிவேகப் பாதையில் முள் 100 இல் நிற்கும்போது போனில் ஜிபிஎஸ் 96 காட்டும். இப்போது 103 காட்டுகிறது. அங்கே உச்ச வேகம் 100. விற்கும்போது இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னால் தொங்கும் ஸ்பெயார் சில்லு இன்னும் பழைய 265/65 தான் என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை. வழியில் காற்றுப் போனால், ஒரு பக்கம் சின்னச் சில்லும் மறுபக்கம் பெரிய சில்லுமாக நான் ஃபோர் வீலில் போட்டு ஓட்ட முடியாது, கியர் பெட்டிக்கும் டிஃபரன்ஷலுக்கும் அது கேடு.

மறுபடி உங்கள் கிளைக்கு வந்தபோது, சில்லுக்கு உள்பக்கம் ஸ்பேசர் என்ற தடித்த தட்டைப் போட்டுச் சில்லை வெளியே தள்ளினால் சரி என்றார்கள், அதுவும் என் செலவில். தயவுசெய்து இதை வேறு யாருக்கும் சொல்லாதீர்கள். சில்லு வெளியே போகப் போக, திருப்பும்போது டயரின் வெளி விளிம்பு இன்னும் பெரிய வட்டம் போடும். உள்ளே சஸ்பென்ஷன் ஆர்முக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும், ஆனால் முன் பம்பரிலும் பின்பக்க லைனரிலும் உரசல் கூடும். போதாததற்கு பெயாரிங்குக்கும் சுமை ஏறும்.

பஞ்சிகாவத்தையில் ஒரு கராஜ் பாஸிடம் வண்டியைக் காட்டினேன். அவர் ஒரு முன்சில்லை மரக்கட்டை மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பச் சொன்னார். அப்புறம் மற்றச் சில்லு. ஐந்து நிமிட வேலை. எங்கே படுகிறது என்று சோக்கால் கோடு போட்டே காட்டினார். 12 ஆம் திகதி உங்கள் ஆட்கள் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருக்காது.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு கெப் விலை போன போக்கு உங்களுக்கும் தெரியும். இது போனால் இன்னொன்று வாங்க என்னால் முடியாது. என் பிழைப்பே இந்த வண்டியில்தான். இப்போது பத்து நாளாக வீட்டு வாசலில் நிற்கிறது. சாமான் அனுப்ப வாடகை லொறி பிடிக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். நான்கு டயர்களையும் திரும்ப எடுத்துக்கொண்டு, 265/70 ஆர் 17 டயர் நான்கு பூட்டித் தாருங்கள், விலை வித்தியாசத்தையும் திருப்பித் தாருங்கள். அது கையிருப்பில் இல்லையென்றால் கட்டிய பணம் முழுவதையும் தாருங்கள். தோள்பட்டை அறுந்த டயரைக் காட்டி ஒரு சதமும் கழிக்கக் கூடாது, அது என் ஓட்டத்தால் வந்த சேதம் இல்லை. லைனர், கிளிப்புகள், பிராக்கெட் பெயின்ட், சென்சர் வயர் எல்லாவற்றையும் உங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். பத்து நாள் லொறி வாடகைக்கான பற்றுச்சீட்டுகளையும் இணைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் சொல்வதை இனி ஏற்க மாட்டேன். பதில் வராவிட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் அந்த அதிகாரசபையிடம் முறையிடுவேன். படங்களும் பற்றுச்சீட்டுகளும் அதற்கும் தயாராக இருக்கின்றன.

அதுவரைக்கும், லிஃப்ட் இல்லாத கெப் ஒன்று உங்கள் கிளைக்கு வந்தால், 285/70 ஐக் காட்டுவதற்கு முன் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்க்கும்படி உங்கள் ஆட்களிடம் இன்றே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: டயர் பற்றுச்சீட்டின் பிரதி, படங்கள் 9, லொறி வாடகைப் பற்றுச்சீட்டுகள்