மாலை ஏழு மணிக்கு யார் இருக்கிறார்கள்?

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே அனைவரும் நலம். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள். "ஈவ் ஆன்லைனில் ஆட்கள் குறைந்துவிட்டார்களாமே, நீயும் விட்டுவிட்டாயா?" என்று கேட்டிருந்தாய். விண்வெளிக் கப்பல்களை ஓட்டி ஆடும் அந்த இணைய விளையாட்டை நான் விடவில்லை. ஆட்கள் குறைந்தது உண்மைதான்; ஆனால் எங்கே குறைந்தார்கள் என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

2013 மே மாதம், விளையாட்டின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி, ஒரே நேரத்தில் 65,303 கணக்குகள் உள்ளே இருந்தன. அந்த உச்சம் இப்போது வெகு தூரத்தில் இருக்கிறது. 2016 நவம்பரில் சந்தா இல்லாமலும் ஆடலாம் என்று கதவைத் திறந்துவிட்ட பிறகும் அது திரும்பி வரவில்லை; 2022இல் மாதச் சந்தாவை 15 டாலரிலிருந்து 20 டாலராக உயர்த்தியபோது நாம் ஒன்றாக ஆடும் குழுவான நம் கார்ப்பரேஷனிலேயே இருவர் விடைபெற்றார்கள். ஒரே ஆள் ஐந்து கணக்குகளை வைத்துக்கொண்டு சுரங்கம் வெட்டுவதை நீயே பார்த்திருக்கிறாய் என்பதால், கணக்குகளின் எண்ணிக்கையை ஆட்களின் எண்ணிக்கையாகக் கொள்ளவும் முடியாது. லாகின் திரையில் தெரியும் அந்த எண்ணை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

2014 ஜனவரி 27 உனக்கு நினைவிருக்கும். பி-ஆர்5ஆர்பி என்ற விண்மீன் மண்டலத்தின் உரிமைக் கட்டணம் செலுத்தப்படாமல் போன ஒரு சிறு தவறில் தொடங்கிய போர், மறுநாள் நம் நேரம் மாலை நான்கரைக்குச் சர்வரை வழக்கம்போல் நிறுத்தும் வரை, ஏறத்தாழ 21 மணி நேரம் நடந்தது. சுமை தாங்காமல் சர்வர் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்துவிட, பீரங்கிப் பொத்தானை அழுத்திவிட்டு அது சுடுவதற்குள் நாம் தேநீர் போட்டுக் குடித்து முடித்தோம். விளையாட்டின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. அவற்றின் சிதைவுகளை நினைவுச்சின்னமாக அங்கேயே விட்டுவைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் அவ்வழியே போனபோது எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அங்கேயே நின்றேன்.

பெரிய கூட்டணிகள் இன்றும் அழைத்தால் ஆயிரம் பேரைத் திரட்டும்; ஐரோப்பாவின் மாலை, அதாவது நம் நள்ளிரவு, இன்னும் களைகட்டித்தான் இருக்கிறது. தேய்ந்துபோனது நம் மாலை. ஏழு மணிக்கு உள்ளே போனால் நம் சானலில் முன்பு பன்னிரண்டு குரல்கள் கேட்கும், இப்போது மூன்று. குளம் வற்றும்போது முதலில் கரையோரம்தான் காயும் என்பார்களே, அப்படி இந்த விளையாட்டு ஓரத்திலிருந்து, சிறு குழுக்களிலிருந்து, காய்கிறது. புதிதாக வருபவரைக் கைப்பிடித்து நடத்தியவை அந்தச் சிறு குழுக்கள்தாம் என்பதால், இந்த இழப்பு மற்றெல்லாவற்றையும்விட எனக்கு வலிக்கிறது.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரி மாணவன் சேர்ந்தான். முதல் வாரத்திலேயே, மூன்று நாள் உழைத்து வாங்கிய கப்பலை ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வாயிலருகே யாரோ நொறுக்கிவிட, இனி வரப்போவதில்லை என்று எழுதினான். அன்றிரவு இரண்டு மணி நேரம் அவனோடு பேசிக்கொண்டே, சுற்றிலும் இருக்கும் கப்பல்களைக் காட்டும் ஸ்கேனரை ஐந்து நொடிக்கு ஒருமுறை அழுத்திப் பார்ப்பது எப்படி, வாயிலைக் கடந்ததும் முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். தொடக்கத்திலேயே கப்பலை இழந்த புதியவர்கள்தாம் அதிக நாள் தங்குகிறார்கள் என்று, விளையாட்டை உருவாக்கிய ஐஸ்லாந்து நிறுவனமே 2015இல் தன் புள்ளிவிவரங்களைப் பார்த்துச் சொன்னது. இழந்த அன்று பக்கத்தில் பேச ஓர் ஆள் இருந்தால்தான் அது நடக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பையன் இப்போது தினமும் வருகிறான். மூன்றாவது குரல் அவனுடையதுதான்.

நீ கார்ப்பரேஷன் கிடங்கில் விட்டுச்சென்ற, ஃபிரிகேட் எனும் இரண்டு சிறு கப்பல்களும் நீ வைத்த பெயர்களோடு அப்படியே இருக்கின்றன. அவற்றை ஓட்டச் சந்தா தேவையில்லை. சனிக்கிழமை ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் சொல். வாயிலுக்கு முன்னே சென்று வேவு பார்ப்பதை உன்னைப்போல் சொல்லிக் கொடுக்க எனக்கு வராது. அந்தப் பையனுக்கு அது தேவைப்படுகிறது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி