எழுதுறியான்னு கேக்க மாட்டேன்

பாப்பாவுக்கு,

நல்லா இருக்கியாம்மா. இங்க நாங்க நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல, அண்ணன் போன வாரம் வந்துட்டு போனான், சின்னவன் நடக்க ஆரம்பிச்சுட்டான், வீட்ல ஒரு பொருளை கீழ வைக்க முடியல. மத்ததெல்லாம் அம்மா போன்ல சொல்லியிருப்பா. நான் போன்ல பேசினா ரெண்டு வார்த்தைல "சரிம்மா, அம்மாகிட்ட குடுக்கறேன்"னு குடுத்துடுவேன், உனக்கே தெரியும், அதான் உக்காந்து டைப் பண்றேன். ஒத்த விரல்ல அடிக்கிறேன், நேத்து சாயங்காலம் ஆரம்பிச்சது, இன்னும் முடியல.

சரியா தூங்குறியா? ராத்திரி ஒரு மணிக்கு மேல உன் பேருக்கு கீழ ஆன்லைன்னு காட்டுது. முன்னாடியெல்லாம் அந்த நேரத்துல நீ ஆன்லைன்ல இருக்க மாட்ட, எழுத உக்காந்தா போனை அடுத்த ரூம்ல வெச்சிடுவேன்னு நீயே சொல்லியிருக்க. இப்ப ரெண்டு மணி, ரெண்டரைக்கு கூட இருக்க. நான் வேணும்னு பாக்கல, எனக்கும் தூக்கம் வர்றதில்ல, எடுத்து பாக்கறப்ப கண்ணுல படுது. அந்த நாற்காலி இடுப்பு வலிக்குதுன்னு சொன்னியே, மாத்திட்டியா? மாத்து. நாள் பூரா ஆபீஸ்லயும் உக்காந்து, வந்து வீட்லயும் உக்காந்தா முதுகு என்னத்துக்கு ஆகும். உக்கார்றதா இருந்தா சொல்றேன்.

போன மாசம் உன் அத்தை வீட்ல வெச்சு நான் பண்ணது தப்பு. எல்லார் முன்னாடியும் "எம்பொண்ணு நாவல் எழுதிட்டு இருக்கா, இந்த வருஷம் புக்கு வந்துடும்"னு சொன்னேன். பத்திரிகைல உன் கதை வந்தப்ப அந்த பக்கத்தை நாலு காப்பி ஜெராக்ஸ் எடுத்து பைல வெச்சிருந்தவன் நான், எனக்கு அந்த சந்தோஷத்தை உள்ள வெச்சுக்க தெரியல. ஆனா நான் சொன்ன உடனே உன் மூஞ்சி மாறினதை பாத்தேன். அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து எப்ப வருது, என்ன கதை, யார் போடறாங்கன்னு கேக்க, நீ எழுந்து மாடிக்கு போயிட்ட. எழுதாத புக்குக்கு ஊரே வாழ்த்து சொன்னா அப்புறம் உக்காந்து எழுத கை வருமா? எனக்கு அது அப்ப தெரியல. நீயும் வாய தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், "அப்பா, சொல்லாதீங்க"ன்னு. நீ சொல்ல மாட்ட. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான், "சரிப்பா"ன்னுட்டு போயிடுவ.

இங்கிலாந்து நாவலாசிரியர் ஆன்டனி டிராலப்போட அந்த வாட்ச் கதையை மூணு தடவ அனுப்பியிருக்கேன்னு அம்மா சொன்னா. மூணு தடவயும் நீ கட்டை விரல் மட்டும் காட்டியிருக்க. டிராலப்பை எனக்கு பிடிச்சதுக்கு காரணம் அவர் நம்மள மாதிரி ஆபீஸ் ஆளு. தபால் துறைல 33 வருஷம் வேலை, அதோட காலைல அஞ்சரைக்கு மேஜைல உக்காந்து, முன்னாடி வாட்சை வெச்சு, கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தைன்னு கணக்கு போட்டு எழுதி, மொத்தம் 47 நாவல். அதை படிச்சப்ப இதைத்தான் பாப்பாகிட்ட சொல்லணும்னு தோணுச்சு. இப்பவும் தினமும் உக்காரணும்ங்கறது சரின்னுதான் சொல்லுவேன், கால் மணி நேரமா இருந்தாலும் தினமும். ஆனா எழுத வராம தவிச்சுக்கிட்டு இருக்கறவளுக்கு 47 நாவல் எழுதினவர் கணக்கை அனுப்பினா அது எப்படி இருந்திருக்கும்னு நான் யோசிக்கல. பசியில்லாதவன் முன்னாடி பந்தி போட்ட மாதிரி ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் நானா தேடி படிச்சேன். நீ விட்டுட்டு போன புக்கெல்லாம் மாடி ரூம்லதான் இருக்கு, தூசி தட்டி அடுக்கி வெச்சிருக்கேன். எழுத்தாளர் காஃப்காவோட டைரி இருந்துச்சு. நீ பென்சில்ல கோடு போட்டிருக்க. 1912 ஜூன் ஒண்ணாம் தேதி, ஒண்ணும் எழுதலன்னு எழுதி வெச்சிருக்கார். மறுநாள், கிட்டத்தட்ட ஒண்ணுமே எழுதலன்னு. அவரும் காலைல எட்டு மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை பாத்தவர்தான். அதே வருஷம் செப்டம்பர் 22ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு உக்காந்து, விடிஞ்சு ஆறு மணிக்கு ஒரு முழு கதையை ஒரே மூச்சுல முடிச்சிருக்கார், மேஜைக்கு அடியிலேர்ந்து கால் ரெண்டையும் வெளிய இழுக்கறதே கஷ்டமா இருந்துச்சு, அப்படி மரத்து போச்சுன்னு எழுதறார். நடுவுல நாலு மாசம் கூட இல்லம்மா. ஜூன் மாசம் அவர்கிட்ட போய் யாராவது "இனிமே உனக்கு வராது"ன்னு சொல்லியிருந்தா அவரே ஆமான்னுதான் சொல்லியிருப்பார். நான் பாத்த வரைக்கும், எழுத முடியாத நாள்லயும் எழுதலன்னாவது எழுதி வெச்சிருக்கார். நோட்டை மூடி பரண்ல போடல. நீயும் மூடிடாத. ஒண்ணும் வரலன்னா வரலன்னு எழுது, தேதி போட்டு எழுது. தினமும் உக்காரு, கால் மணி நேரமா இருந்தாலும் போதும்.

இதோட நிறுத்திக்கலாம்னுதான் உக்காந்தேன். ஆனா அதே அலமாரில அவர் அவங்கப்பாவுக்கு எழுதின லெட்டரும் இருந்துச்சு. 1919ல எழுதினது, அப்ப அவருக்கு 36 வயசு. அது அப்பா கைக்கு போய் சேரவே இல்ல. அதுல ஒரு இடத்துல, தன் புக்கு அச்சாகி வந்து அதை வீட்ல கொண்டு வந்து குடுக்கறப்பல்லாம் அவங்கப்பா என்ன சொல்லுவார்னு எழுதியிருக்கார். அவர் அப்ப பெரும்பாலும் சீட்டு ஆடிட்டு இருப்பாராம், "கட்டில் பக்கத்து மேஜைல வை"ம்பாராம். அவ்ளோதான்.

அந்த இடத்துல புக்கை மூடிட்டேன். அம்மா கூப்பிட்டா, கீழ போகல.

பச்சை அட்டை போட்ட நோட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஒம்பதாவது. நான் ஆபீஸ் ஃபைலை வீட்டுக்கு தூக்கிட்டு வந்து ராத்திரி உக்காந்து பாக்கற காலம். நீ வந்து நோட்டை ஃபைல் மேல வெச்சுட்டு கதவு பக்கத்துல போய் நின்ன, ஒரு கை கதவு தாழ்ப்பாள்ல. என் கைல சிவப்பு பேனா. முப்பத்தி ரெண்டு வருஷம் அடுத்தவங்க எழுதின டிராஃப்ட்ல தப்பு கண்டுபிடிச்சு வட்டம் போட்டு சம்பளம் வாங்கின கைம்மா இது, அது பாட்டுக்கு வட்டம் போட்டுது. முதல் பக்கத்துல பதினாலு வட்டம். தாத்தா பத்தின கதை. "தாத்தா இரந்து போனார்"னு எழுதியிருந்த. இடையின ரகரம் போட்டிருந்த. நான் அதை சுழிச்சு மேல "இறந்து"ன்னு எழுதி, நோட்டை உங்கிட்ட நீட்டி, "ஸ்பெல்லிங் பாத்து எழுது, பரீட்சைல மார்க் போயிடும்"னேன். நீ "சரிப்பா"ன்ன.

எங்கப்பா செத்ததை எம்பொண்ணு எழுதிட்டு வந்து குடுத்தா. நான் றகரத்தை திருத்தி குடுத்தேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், இத்தனை வருஷமா அம்மாகிட்ட கூட சொல்லல. நான் அந்த முதல் பக்கத்தோட நிறுத்தினது வேலை இருந்ததால இல்ல. அந்த பக்கத்தோட கடைசி வரி வரைக்கும் வந்துட்டேன். தாத்தா போனப்புறம் அவர் செருப்பு வாசல்லயே கிடக்குது, தினமும் காலைல யாரோ அதை ஜோடியா நேரா திருப்பி வெச்சுட்டு போறாங்க, யாருன்னு வீட்ல யாரும் கேக்கறதில்லன்னு எழுதியிருந்த. அது நான். விடியக்காலைல எல்லாரும் தூங்கறப்ப பண்ணுவேன். யாரும் பாக்கலன்னு நெனச்சுட்டு இருந்தேன். நீ பாத்திருக்க, பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லாம எழுதியிருக்க. எனக்கு அதுக்கு மேல படிக்க தைரியம் இல்ல. தப்பு கண்டுபிடிக்கறது எனக்கு சுலபமா இருந்துச்சு, அதை பண்ணிட்டேன்.

அதுக்கப்புறம் நீ எங்கிட்ட எதையும் படிக்க குடுத்ததில்ல. பத்திரிகைல வந்ததை கூட நான் கடைல பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரு வரி எழுதறேன், அதையே பத்து தடவ அழிக்கிறேன், ரெண்டாவது வரிக்கு போகவே முடியலன்னு அண்ணிகிட்ட சொன்னியாம். அவ சொன்னதுலேர்ந்து எனக்கு வேற நெனப்பே இல்ல. அந்த சிவப்பு பேனாவை நான்தான் உன் கைல குடுத்துட்டேனோன்னு இருக்கு. நான் திருத்தற வேலை பாத்தவன், என்னை நம்பு, எங்கிட்ட வர்ற டிராஃப்டை வேற ஒருத்தர் எழுதியிருப்பார், நான் சுழிக்கறப்ப அவர் பக்கத்துல இருக்க மாட்டார். எழுதறவரும் சுழிக்கறவரும் ஒரே நாற்காலில உக்காந்தா ஒரு ஃபைல் கூட நகராது. முதல்ல எழுதி முடி. தப்பும் தவறுமா, ரகரம் றகரம் எல்லாம் மாறி மாறி எழுது. அழிக்காத. பேனால எழுது, அழிக்க வராது. ஒரு நாள் நல்லா ஓடுதுன்னா, எல்லாத்தையும் அன்னிக்கே கொட்டிடாத, அடுத்து என்னன்னு தெரிஞ்ச இடத்துல நிறுத்திட்டு எழுந்துடு, மறுநாள் வெத்து பேப்பரை முறைச்சு பாத்துட்டு உக்கார வேண்டியிருக்காது. திருத்தறது அப்புறம். மொத்தமா முடிஞ்சப்புறம். தினமும் கால் மணி நேரம், போனை அடுத்த ரூம்ல வெச்சுட்டு. சொன்னதையே சொல்றேன்னு தெரியுது.

இன்னொண்ணு. உ.வே.சா. தன் கதையை 1940ல ஆனந்த விகடன்ல வாரா வாரம் எழுத ஆரம்பிச்சப்ப அவருக்கு 85 வயசு ஆகப்போகுது. 1942ல அவர் போற வரைக்கும் எழுதிட்டு இருந்தார், முடியாமலே நின்னு போச்சு. அந்த வயசுல ஒருத்தரை வாரா வாரம் உக்கார வெச்சது எதுன்னு நான் நெனச்சு பாப்பேன். அடுத்த வாரம் என்னன்னு எங்கயோ ஒருத்தர் காத்துட்டு இருக்கார்ங்கறதுதான்னு எனக்கு தோணுது. மனசுல உற்சாகம் வந்தப்புறம் எழுதலாம்னு இருந்தா அது வந்துட்டு வந்துட்டு போயிடும்மா. ஆனா ஞாயித்துக்கிழமை ஒரு பக்கம் குடுக்கறேன்னு ஒரு ஆள்கிட்ட சொல்லிட்டா குடுத்துதான் ஆகணும். உனக்கு அப்படி யாராவது இருக்காங்களா? ஃப்ரெண்டு யாராவது? நான்தான் இருக்கணும்னு சொல்லல, அந்த வாய்ப்பை நான் பதினாலு வட்டம் போட்டு கெடுத்துக்கிட்டேன். வேற யாராவது இருந்தா சரி. யாரும் இல்லன்னா அப்பா இருக்கேன். ஒரு பக்கம் போதும். நான் பதில் போட மாட்டேன், நல்லா இருக்குன்னு கூட சொல்ல மாட்டேன், அத்தைகிட்ட சத்தியமா சொல்ல மாட்டேன். படிச்சுட்டேன்னு மட்டும் தெரியற மாதிரி ரெண்டு ப்ளூ டிக் வரும்.

நோட்டு எங்கிட்டதான் இருக்கு. நீ ஹாஸ்டலுக்கு போனப்ப பழைய பேப்பரோட கட்டி வெச்சிருந்த, நான் உருவி எடுத்து என் சர்ட்டிஃபிகேட் ஃபைல்ல வெச்சிருந்தேன். இத்தனை வருஷமா தொறக்கல. போன வாரம்தான் முழுசா படிச்சேன், மாடி ரூம்ல, கதவை சாத்திட்டு. பேனா எதுவும் கைல இல்ல. முதல் பக்கத்துக்கு அப்புறம் எந்த பக்கத்துலயும் வட்டம் இல்லாம சுத்தமா இருக்கு, அதை பாக்க எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இருபத்தி ஏழாம் பக்கத்துல அந்த பொண்ணு விடியறதுக்கு முன்னாடி எழுந்து வாசலுக்கு வர்றா, இன்னிக்கு நாம திருப்பி வைக்கலாம்னு செருப்பை கைல எடுக்கறா, பின்னாடி யாரோ வர்ற சத்தம் கேக்குது. அதோட நிக்குது. அப்புறம் கணக்கு போட்டு வெச்சிருக்க.

அவ திரும்பி பாத்தாளாம்மா? செருப்பை அங்கயே வெச்சாளா, மறைச்சாளா? வந்தவர் என்ன சொன்னார்? நாலஞ்சு நாளா இதேதான் ஓடிட்டு இருக்கு எனக்கு.

நோட்டை கொரியர்ல அனுப்பவா, இல்ல நீ வர்றப்ப எடுத்துக்கிறியா, சொல்லு.

அப்பா