சூடானில் தேர்தலுக்கு என்ன அவசரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூடானில் ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் இடையிலான போர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2023 மே மாதம் சவுதியும் அமெரிக்காவும் ஜெட்டாவில் கூட்டிய பேச்சு ஏன் நிலைக்கவில்லை என்பதை நன்றாகவே விளக்கியிருக்கிறீர்கள். ஆனால், சண்டை நின்றதும் உடனே தேர்தல் என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அங்கோலாவில் அப்படித்தான் செய்தார்கள். 1991 மே மாதம் அரசுக்கும் கிளர்ச்சிப் படைக்கும் அமைதி ஒப்பந்தம், 1992 செப்டம்பரில் வாக்குப்பதிவு. படைகளை முழுதாகக் கலைக்கவே இல்லை. அவ்வளவு பெரிய நாட்டுக்கு ஐ.நா. அனுப்பிய ராணுவப் பார்வையாளர்கள் சுமார் 350 பேர்! வாக்கில் பின்தங்கிய கிளர்ச்சித் தலைவர் சவிம்பி முடிவை ஏற்க மறுத்து மறுபடி போருக்குப் போனார். 2002இல் அவர் கொல்லப்பட்ட பிறகுதான் அது ஓய்ந்தது.

அதே காலத்தில் மொசாம்பிக்கில் வேறு கதை. 1992 அக்டோபர் 4 அன்று அரசுக்கும் கிளர்ச்சிப் படைக்கும் ரோமில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. இரு தரப்பையும் இரண்டு ஆண்டுக்கு மேல் பேசவைத்தவர்களில் முக்கியமானவர்கள் சாந்த் எஜீதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பினர். (வெளியிலிருந்து வருபவரால் பயனில்லை என்று குமரி மாவட்டத்தில் யாரும் சொல்லமாட்டோம். 1982 மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பின் குன்றக்குடி அடிகளார் வந்து அமைதிக்கு உழைத்தது இங்கே பலருக்கும் நினைவிருக்கும்.) ஆனால் அங்கே காரியத்தைக் காப்பாற்றியது அதற்குப் பிறகு நடந்த வேலை. ஐ.நா. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பியது. நம் இந்தியப் படையும் போனது. ஆயுதத்தை ஒப்படைத்த வீரர்களுக்கு இரண்டு ஆண்டு வரை உதவித்தொகை கிடைத்தது. கிளர்ச்சிப் படையான ரெனாமோ அரசியல் கட்சியாக மாறவும் வெளிநாட்டுப் பணம் வந்தது. இதெல்லாம் முடியட்டும் என்று தேர்தலையே 1994 அக்டோபருக்குத் தள்ளிவைத்தார்கள். தோற்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள். 2013இல் அங்கே மறுபடி சண்டை தலைகாட்டியது உண்மைதான். ஆனால் நடுவில் இருபது ஆண்டு கிடைத்ததே, அது சின்ன விஷயமா?

கண்காணிப்பவர்களுக்கு அதிகாரமும் வேண்டும். பக்கத்து இலங்கையில் அரசுக்கும் புலிகளுக்குமான போர்நிறுத்தத்தைப் பார்க்க 2002இல் வந்த, நார்வே உள்ளிட்ட நார்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழுவுக்கு மீறல்களை விசாரித்துப் பதிவு செய்வதற்கு மேல் அதிகாரம் இல்லை. 2008 ஜனவரியில் போர்நிறுத்த ஒப்பந்தமே போய்விட்டது.

சூடானில் சண்டைக்கு உடனடிக் காரணமே துணை ராணுவத்தை ராணுவத்தோடு இணைக்க எத்தனை ஆண்டு என்பதுதான். ராணுவம் இரண்டு என்றது, துணை ராணுவத்தினர் பத்து என்றார்கள். இது தீராமல் வாக்குப்பெட்டி வைத்து என்ன பயன்? இந்தப் படைகளைக் கலைக்க யார் பணம் தருவார்கள், யார் கண்காணிப்பார்கள் என்பதை அடுத்த கட்டுரையில் விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.