வலியில்லாத கட்டியும் கவனிக்கப்பட வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் சார்கோமா, பெரியவர்களின் புற்றுநோய்களில் சுமார் 1 சதவீதம்தான். அதனாலோ என்னவோ, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அதற்குள் 50க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரியவர்களிடம் கொழுப்பில் தோன்றும் லைப்போசார்கோமாவும், கருப்பை, ரத்தக்குழாய்த் தசைகளில் வரும் லியோமயோசார்கோமாவும் அதிகம். குழந்தைகளிடம் நிலைமை வேறு. அங்கே தசையாக வளரும் செல்களில் தோன்றும் ராப்டோமயோசார்கோமாதான் முதலிடம்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன், தொடையில் எலுமிச்சை அளவில் இருந்த கட்டியை வலிக்கவில்லையே என்று விட்டுவிட்டார். பேன்ட் போடும்போது இடிக்கிற அளவுக்கு அது வளர்ந்த பிறகுதான் டாக்டரிடம் போனார். அதற்குள் சார்கோமா முற்றியிருந்தது.

உடம்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கொழுப்புக் கட்டிகளே, பயம் வேண்டாம். ஆனால் 5 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக, ஆழத்தில், வளர்ந்துகொண்டே இருந்தால் சும்மா விடக்கூடாது. வெட்டி எடுப்பதற்கு முன்பே எம்ஆர்ஐ ஸ்கேனும் ஊசி மூலம் திசுப் பரிசோதனையும் செய்ய வேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் பின்னால் சிகிச்சை சிக்கலாகிவிடும். உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதை விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி